50 மி.மீ. லென்ஸ், எக்ஸ்டென்ஷன் டியூப், காரிடார் கறிவேப்பிலைச் செடி

எக்ஸ்டென்ஷன் டியூப் என்பது, பூச்சி போன்ற சின்னப் பொருள்களைப் பெரிதாகப் படம் எடுக்க (மேக்ரோ) உதவும், உள்ளே எதுவுமே இல்லாத வளையம். கண்ணாடி கிடையாது, ஒரு பக்கம் கேமரா, மறுபக்கம் லென்ஸ், நடுவில் காற்று. லென்ஸை, படம் பதியும் சென்சாரிலிருந்து தள்ளி வைப்பதுதான் அது செய்யும் ஒரே வேலை. அப்படித் தள்ளி வைத்தவுடன் லென்ஸால் இன்னும் கிட்டத்தில் இருக்கும் பொருளைத் தெளிவாகப் பிடிக்க முடிகிறது, சென்சாரில் அதன் உருவமும் பெரிதாக விழுகிறது. பதிலுக்கு மூன்று விஷயங்களை விட்டுக்கொடுக்க வேண்டும். தூரத்துக் காட்சி ஃபோகஸ் ஆகாது. வெளிச்சம் குறையும். தெளிவாகத் தெரியும் பகுதி ஒரு மில்லிமீட்டருக்குள் சுருங்கிவிடும். இந்த மூன்றில் வெளிச்சத்தைச் சரிக்கட்டினால் மற்ற இரண்டையும் சமாளித்துவிடலாம் என்று என் கைப்பழக்கத்தில் கண்டுகொண்டேன். டியூபை வாங்கி மாட்டுவது அரை மணி நேர வேலை. மீதி உழைப்பெல்லாம் வெளிச்சத்துக்குத்தான் போனது. அதனால் இந்தப் பதிவிலும் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

என்னிடம் இருப்பது ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள கேனான் கேமராவும், 2015இல் வந்த 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸும். இந்த லென்ஸ் தனியாக இருக்கும்போது 35 செ.மீ. வரைதான் கிட்டே போக முடியும். அந்த நிலையில் பொருளின் உருவம் சென்சாரில் 0.21 மடங்கு அளவில் விழும். அதாவது சென்சார் அகலம் சுமார் 22 மி.மீ. என்றால், படத்தில் 10 செ.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலான அகலம் அடங்கும். ஒரு ரோஜாப்பூவுக்குப் போதும், அதில் உட்காரும் எறும்புக்குப் போதாது.

டியூப் போட்டால் எவ்வளவு கூடும் என்பதற்கு ஒரே ஒரு வகுத்தல் கணக்கு இருக்கிறது. டியூபின் நீளத்தை லென்ஸின் ஃபோக்கல் லெங்த்தால் (லென்ஸ் பெயரில் வரும் மி.மீ. எண்) வகுத்து, லென்ஸுக்கு ஏற்கெனவே இருக்கும் உருப்பெருக்கத்தோடு கூட்ட வேண்டும். நான் வாங்கிய செட்டில் 12, 20, 36 மி.மீ. என மூன்று டியூப்கள். 36ஐ மட்டும் மாட்டினால் 36ஐ 50ஆல் வகுத்து 0.72, அதோடு 0.21 சேர்த்து 0.93. ஏறக்குறைய உயிரளவு, அதாவது சென்சாரில் விழும் உருவம் பொருளின் அளவே இருக்கும். மூன்றையும் சேர்த்து 68 மி.மீ. ஆக்கினால் 1.57. அதே கணக்கை 200 மி.மீ. லென்ஸுக்குப் போட்டுப் பாருங்கள், 36 மி.மீ. டியூப் வெறும் 0.18தான் கூட்டும். குட்டை லென்ஸில் டியூபுக்குப் பலம் அதிகம், நீள லென்ஸில் குறைவு.

வாங்கும்போது நான் பார்த்தது இரண்டே விஷயம். ஒன்று, மின்தொடுமுனைகள் இருக்க வேண்டும். கேனான் ஈஎஃப் லென்ஸில் அபர்ச்சரை (வெளிச்சம் நுழையும் துளை, எஃப் எண் கூடக் கூட அது சிறிதாகும்) மாற்றும் வளையம் கிடையாது, கேமரா சொன்னால்தான் இதழ்கள் மூடும். தொடுமுனை இல்லாத வெறும் டியூபைப் போட்டால் லென்ஸ் எஃப் 1.8இலேயே திறந்து நிற்கும், அந்த அளவில் மேக்ரோ எடுப்பது வீண். அபர்ச்சர் வளையம் உள்ள பழைய மேனுவல் லென்ஸ் வைத்திருப்பவர்கள் வெறும் டியூபே தாராளமாக வாங்கலாம், காசு மிச்சம். இரண்டாவது, லென்ஸ் மாட்டும் வளையம் உலோகமாக இருப்பது நல்லது. என் லென்ஸ் 160 கிராம்தான், பிளாஸ்டிக் வளையமே தாங்கும். ஆனால் நாளைக்கு ஒரு கனமான டெலி லென்ஸைத் தொங்கவிட நினைத்தால் பிளாஸ்டிக் ஆடும், ஆட்டம் வந்தால் தொடுமுனைகள் விலகும். சிங்கப்பூரில் சிட்டி ஹால் பக்கம் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் பழைய கேமராச் சாமான் விற்கும் கடைகள் இருக்கின்றன. கேரோசல் என்ற பழைய பொருள் விற்கும் செயலியிலும் அடிக்கடி யாராவது விற்பார்கள். டியூபில் கண்ணாடி இல்லாததால் பழையதை வாங்கத் தயங்க வேண்டியதில்லை. பூஞ்சை பிடிக்க உள்ளே எதுவும் இல்லை. கேமராவைக் கையோடு கொண்டுபோய் மாட்டி, அபர்ச்சரை மாற்றிப் பார்த்து வாங்கினால் போதும். "எரர் 01" என்று திரையில் வந்தால் பெரும்பாலும் தொடுமுனை அழுக்குதான். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் இரண்டு பக்கமும் துடைத்தால் சரியாகிவிடும்.

சரி, மாட்டியாயிற்று. முதலில் செய்ய வேண்டியது, லென்ஸைக் கழற்றிவிட்டு டியூபை மட்டும் சன்னல் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து அதன் வழியாகப் பார்ப்பது. விலை குறைந்த டியூப்களில் உள்சுவர் கறுப்பாக இருந்தாலும் சாய்த்துப் பார்க்கும்போது பளபளக்கும். என்னுடையதில் 36 மி.மீ. டியூபுக்குள் ஒரு வெள்ளை வளையமே தெரிந்தது. லென்ஸிலிருந்து வரும் வெளிச்சத்தில் ஒரு பகுதி இந்தச் சுவரில் பட்டுத் தெறித்து சென்சாருக்குப் போகும். இலைக்குப் பின்னால் வானம் தெரியும் படங்களில் இது நன்றாகத் தெரியும். கறுப்பு கறுப்பாக இருக்காது, படம் முழுக்க ஒரு வெளிறல் படியும். அதைக் கணினியில் சரிசெய்யலாம்தான், ஆனால் மெல்லிய மயிர், இறகின் செதில் போன்ற நுணுக்கங்கள் அந்த வெளிறலோடு போய்விடும். எனக்கு அது பொறுக்கவில்லை.

இதற்கு மருந்து, பின்பக்கம் பசையுள்ள கறுப்பு வெல்வெட் தாள். கைவினைப் பொருள் கடைகளில் ஏ4 அளவில் கிடைக்கிறது. பிராஸ் பசா காம்பிளெக்ஸ் பக்கம் போனால் ஓவியப் பொருள் கடைகளில் விசாரிக்கலாம். ஒட்டுவதற்கு முன் சாதாரணத் தாளில் ஒரு அச்சு வெட்டிக்கொள்ளுங்கள். டியூபுக்குள் தொடுமுனைகளின் ஒயர்களைத் தாங்கும் ஒரு பிளாஸ்டிக் மேடு இருக்கும். தாள் அந்த மேட்டின் ஒரு ஓரத்தில் தொடங்கி, சுற்றி வந்து, மறு ஓரத்தில் முடிய வேண்டும். மேட்டின் மேல் ஏறக் கூடாது. அகலத்தில் இரு முனையிலும் 2 மி.மீ. விட்டுவிடுங்கள். லென்ஸைப் பூட்டும் ஊசியும் பட்டனும் அந்த ஓரத்தில்தான் நகரும். அச்சு சரியாக உட்கார்ந்த பிறகு அதை வெல்வெட் தாளின் முதுகில் வைத்துப் புது பிளேடால் ஒரே இழுப்பில் வெட்டினேன். கத்தரிக்கோல் போட்டால் ஓரத்தில் பஞ்சு உதிரும்.

உதிர்வதுதான் இந்த வேலையில் உண்மையான ஆபத்து. ஒரு நூல் துணுக்கு சென்சாரில் விழுந்தால் எல்லாப் படத்திலும் ஒரு கோடு நிற்கும், மேக்ரோவில் அபர்ச்சரைச் சிறிதாக்கும்போது அது இன்னும் அழுத்தமாகத் தெரியும். அதனால் ஒட்டும் முன்பே வெல்வெட்டின் மேல் செல்லோடேப்பை அழுத்தி அழுத்தி எடுத்து, உதிர வேண்டியதையெல்லாம் உதிர்த்துவிட வேண்டும். ஒட்டிய பிறகு ஊது பந்தால் இரண்டு பக்கமும் ஊதி, ஒரு இரவு கவிழ்த்து வைத்து, மறுபடி ஊதிய பிறகே கேமராவில் மாட்டினேன். இப்போது சன்னலுக்கு எதிராகப் பிடித்தால் உள்ளே ஒரே இருட்டு. 12, 20 மி.மீ. டியூப்களுக்கும் இதையே செய்திருக்கிறேன். அவை குட்டை என்பதால் பலன் கொஞ்சம் குறைவு, ஆனால் மூன்றையும் அடுக்கும்போது எல்லாச் சுவரும் கணக்கில் வரும்.

இனி ஃபோகஸ். டியூப் போட்ட லென்ஸில் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினால் எதிர்பார்த்தது நடக்காது. 36 மி.மீ. டியூபோடு, வளையத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போனால் உருப்பெருக்கம் 0.72இலிருந்து 0.93க்கு மாறும். தெளிவாக விழும் இடம் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவாகத்தான் நகரும். அதனால் அந்த வளையத்தை உருப்பெருக்கம் தேர்ந்தெடுக்க மட்டும் வைத்துக்கொண்டு, ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, உடம்பைத்தான் முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். இடது கை பொருளுக்குப் பக்கத்தில் ஏதாவது ஒன்றில் ஊன்றியிருக்க வேண்டும், தொட்டியின் விளிம்பு, கைப்பிடிக் கம்பி, தரை, எது கிடைத்தாலும் சரி. லென்ஸ் அந்தக் கையின் மேல் உட்காரும். மூச்சை மெதுவாக விட்டபடி ஒரு நூலளவு முன்னால் சாய்ந்தால் கண் தெளிவாகி, தாண்டி, மங்கும். அது தெளிவாகும் நொடிக்குக் கொஞ்சம் முன்பே விரல் அழுத்தியிருக்க வேண்டும். இது பழகப் பழகத்தான் வரும்.

36 மி.மீ. டியூபில் லென்ஸின் முன்பக்கத்துக்கும் பூச்சிக்கும் நடுவே இருப்பது ஏழெட்டு சென்டிமீட்டர். மூன்றையும் போட்டால் ஐந்து. இந்த இடைவெளிக்குள் வெளிச்சம் எப்படி நுழையும்? டியூப் பிடித்தவர்கள் எல்லோரும் வந்து முட்டும் சுவர் இதுதான். லென்ஸே நிழல் போடுகிறது. போதாததற்கு டியூப் தன் பங்குக்கு வெளிச்சத்தைக் குடிக்கிறது. உயிரளவில் எடுக்கும்போது சென்சாருக்குப் போவது நாலில் ஒரு பங்குதான். கேமரா திரையில் எஃப் 8 என்று காட்டும், ஆனால் நடைமுறையில் அது எஃப் 15, 16 போல நடந்துகொள்ளும். உருப்பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்டி, திரையில் தெரியும் எண்ணால் பெருக்கினால் உண்மையான எண் வரும். 1.57இல் எஃப் 8 என்பது எஃப் 20ஐத் தாண்டிவிடும். அதனால்தான் தெளிவு ஆழம் (முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் அளவு) போதவில்லை என்று எஃப் 16, 22 என்று மூடிக்கொண்டே போவதில் பயனில்லை. ஒளி அவ்வளவு சிறிய துளையில் வளைந்து பரவி, படம் முழுக்க மொத்தமாக மென்மையாகிவிடும். 36 மி.மீ. டியூபில் நான் எஃப் 8ஐத் தாண்டுவது அரிது. அதில் தெளிவு ஆழம் முக்கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். மூன்று டியூபில் எஃப் 5.6, அல்லது எஃப் 8.

இவ்வளவு குறைந்த வெளிச்சத்தில் கையில் பிடித்து எடுக்க ஃபிளாஷ் இல்லாமல் வழியில்லை. என்னிடம் இருப்பது கேமரா மேல் மாட்டும் சின்ன ஃபிளாஷ். அதை நேராக அடித்தால் பூச்சியின் முதுகில் ஒரு வெள்ளைப் புள்ளி எரியும், மற்றதெல்லாம் கறுக்கும். எறும்பு, வண்டு, சிலந்திக் கண் எல்லாமே வழவழப்பானவை, எதிரில் இருக்கும் விளக்கைக் கண்ணாடியில் காட்டுவது போல் திருப்பிக் காட்டிவிடும். ஆகவே விளக்கைப் பூச்சியின் கண்ணோட்டத்தில் பெரிதாக்க வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் தூரத்தில் ஏ5 அளவு வெள்ளைத் தாள் இருந்தால் அந்தச் சின்ன உயிருக்கு அது வானம் முழுவதும்.

இப்படி வெளிச்சத்தைப் பரப்பும் டிஃப்யூசர் செய்ய நான் எடுத்துக்கொண்டவை: அக்கம்பக்கத்து ஸ்டேஷனரிக் கடையில் வாங்கிய பால் வெள்ளை பிளாஸ்டிக் ஃபைல் உறை, ஒரு பால் அட்டைப்பெட்டி, அலுமினியத் தாள், டிரேசிங் பேப்பர், வெல்க்ரோ பட்டை. பால் பெட்டியைக் கழுவிக் காயவைத்து இரண்டு முனையும் திறந்தபடி வெட்டி, உள்ளே அலுமினியத் தாள் ஒட்டினேன். இதன் ஒரு முனை ஃபிளாஷ் தலையில் இறுக்கமாக நுழையும். மறுமுனையைச் சாய்வாக வெட்டியதால் வெளிச்சம் கீழ்நோக்கி லென்ஸ் முனைக்கு வரும். அந்த வாயில் ஒரு அடுக்கு டிரேசிங் பேப்பர். அதிலிருந்து மூன்று விரல் இடைவெளி விட்டு, ஃபைல் உறையில் வெட்டிய பெரிய தாள், வளைத்து லென்ஸுக்கு மேல் கூரையாக நிற்கும்.

இந்த இடைவெளியில்தான் விஷயமே இருக்கிறது. இரண்டு தாளையும் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டால் ஒரே தடித்த தாள்தான், நடுவில் வெளிச்சம் குவிந்து ஓரம் மங்கும். முதல் தாளில் பட்ட வெளிச்சம் அந்த மூன்று விரல் தூரத்தில் விரிந்து, இரண்டாவது தாள் முழுக்கப் பரவ வேண்டும். பரவியிருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. எவர்சில்வர் கரண்டியின் முதுகைப் படம் எடுங்கள். டிஃப்யூசர் அப்படியே அதில் பிரதிபலிக்கும். நடுவில் பிரகாசமான திட்டு தெரிந்தால் டிரேசிங் பேப்பரின் நடுவில் மட்டும் இன்னொரு சின்னத் துண்டு ஒட்டுங்கள். ஓரம் வரை ஒரே வெள்ளையாகத் தெரியும் வரை கரண்டியோடு மல்லுக்கு நின்றேன். அந்த மாலை வீணாகவில்லை, பிறகு எடுத்த ஒவ்வொரு படத்திலும் அதன் பலன் இருக்கிறது.

இதில் ஒரு எச்சரிக்கை. இந்த 50 மி.மீ. லென்ஸில் ஃபில்டர் மாட்டும் மரை, ஃபோகஸ் செய்யும்போது முன்னால் நீளும் உள்குழாயில் இருக்கிறது. டிஃப்யூசரை அந்த மரையில் தொங்கவிட்டால் எடை முழுவதும் நுண்ணிய மோட்டாரின் மேல் விழும். நான் வெல்க்ரோ பட்டையை டியூபின் மேலேயே சுற்றி, கூரைத் தாளை அதில் பிடிக்க வைத்திருக்கிறேன். 36 மி.மீ. டியூபில் அதற்கு வேண்டிய இடம் இருக்கிறது.

கேமரா மேனுவல் மோடில், ஷட்டர் 1/200, எஃப் 8, ஐஎஸ்ஓ 200, ஃபிளாஷ் 1/16இலிருந்து 1/8 வரை. ஃபிளாஷ் பலத்தைக் குறைக்கக் குறைக்க அது எரியும் நேரமும் சுருங்கும், அதனால் கை நடுக்கமும் இலையின் ஆட்டமும் படத்தில் உறைந்துவிடும். பகல் வெளிச்சம் இந்த அளவில் கணக்கிலேயே வராது. அதன் விளைவாக, பூச்சிக்குப் பின்னால் எதுவும் இல்லையென்றால் நட்டநடுப் பகலிலும் பின்புலம் கன்னங்கரேலென்று இருக்கும். அது பிடிக்காவிட்டால் பூச்சிக்கு நாலைந்து சென்டிமீட்டர் பின்னால் இன்னொரு இலை வருகிற மாதிரி கோணம் பார்க்க வேண்டும். ஃபிளாஷ் அதையும் தொடும், பின்புலம் பச்சையாக மலரும்.

இவ்வளவையும் சோதித்துப் பார்க்க காட்டுக்குப் போக வேண்டியதில்லை. எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் காரிடாரில் அம்மா வளர்க்கும் கறிவேப்பிலைச் செடி இருக்கிறது. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சிக்கு எலுமிச்சைக் குடும்பத்துச் செடிகள் எல்லாம் பிடிக்கும், கறிவேப்பிலையும் அந்தக் குடும்பம்தான். கொழுந்து இலைகளைப் பார்த்துப் பார்த்து முட்டை வைக்கும். இலை ஓரத்தில், ஊறிய ஜவ்வரிசியைப் பொடிப்பொடியாக்கிய மாதிரி, ஒரு மில்லிமீட்டர் அளவில் வெளிர் மஞ்சள் உருண்டை.

"ரசத்துக்கு இலை பறிக்க விடமாட்டேங்கிறியே, புழு வந்து எல்லாத்தையும் மொட்டையடிச்சிடும்டா" என்றார் அம்மா.

"இந்த ஒரு கிளையை மட்டும் விடுங்கம்மா, மத்ததெல்லாம் பறிச்சுக்குங்க" என்று ஒப்பந்தம் ஆனது. கிளையில் ஒரு சிவப்பு நூல் கட்டினேன். எதிர்வீட்டு மக்சிக் (மலாய் ஆன்ட்டி) போகும்போதும் வரும்போதும் நின்று, முட்டை பொரித்துவிட்டதா என்று மலாயில் விசாரிக்கத் தொடங்கினார்.

முட்டை அசையாது, ஆனால் காரிடாரில் காற்று அசைக்கும். ஒன்பதாவது மாடியில் காலை ஏழு மணிக்கு, சூரியன் எழும் நேரத்தில்தான் காற்று ஓரளவு அடங்கியிருக்கும். சாத்தே குச்சி ஒன்றை மண்ணில் செருகி, துணி கிளிப்பால் இலைக்காம்பை அதோடு மெதுவாகப் பிடித்துவைத்தேன். காம்பு நசுங்காமல் இருக்க கிளிப்பின் வாயில் கொஞ்சம் பஞ்சு. டிரைபாட் விரித்தால் நடக்கும் வழி அடைபடும். காரிடாரில் 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும் என்பது தீப் பாதுகாப்பு விதி. அதனால் தாழ்வான ஸ்டூலும் அரிசி நிரப்பிய துணிப்பையும்தான் கேமராவுக்குத் தாங்கல்.

36 மி.மீ. டியூபில் முட்டை படத்தின் அகலத்தில் இருபத்துநாலில் ஒரு பங்குதான் வந்தது. மூன்றையும் அடுக்கியதும் பதினாலில் ஒரு பங்கு. 6000 பிக்சல் அகலப் படத்தில் 420 பிக்சல், வெட்டிப் பார்க்கத் தாராளம். ஆனால் 1.57 மடங்கில் எஃப் 8 வைத்தால் தெளிவு ஆழம் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. முட்டையின் முன்வயிறு தெளிவாக இருந்தால் விளிம்பு கரைந்திருக்கும். இங்கேதான் ஃபோகஸ் ஸ்டாக்கிங் வேண்டியிருந்தது. கேமராவை அரிசிப் பையின் மேல் இம்மி இம்மியாக முன்னால் தள்ளி அடுத்தடுத்து எடுத்த படங்களைக் கணினியில் ஒன்றாகச் சேர்ப்பது. ஹெலிகான் ஃபோகஸ், சரீன் ஸ்டாக்கர் இரண்டுமே இந்த வேலைக்கென்றே இருக்கும் மென்பொருள்கள். கையால் தள்ளும்போது பக்கவாட்டில் கொஞ்சம் விலகத்தான் செய்யும், மென்பொருள் அதை ஓரளவு சரிசெய்துகொள்ளும். இதை அடிக்கடி செய்யப் போகிறவர்கள் திருகு வைத்த ஃபோகஸிங் ரெயில் ஒன்று வாங்கிக்கொள்வது கைக்கு நல்லது.

சேர்த்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அந்த மஞ்சள் உருண்டையின் அடியில், அதை இலையோடு ஒட்டியிருக்கும் பசையின் விளிம்பு தெரிந்தது. டிஃப்யூசர் மேல்புறத்தில் ஒரு மென்மையான வெள்ளை வளைவாகப் பிரதிபலித்திருந்தது, எரிந்த புள்ளி எங்கேயும் இல்லை. பொரிப்பதற்கு முன் முட்டை கறுத்து வந்தது, உள்ளே புழுவின் தலை நிழலாகத் தெரிந்தது. வெளியே வந்த புழு முதலில் தன் முட்டை ஓட்டைத் தின்றது. ஓட்டின் கிழிந்த ஓரமும், அதைக் கடிக்கும் வாயும், உடம்பெல்லாம் குத்திட்டு நிற்கும் மயிரும் ஒரே படத்தில் கிடைத்தன. வெறுங்கண்ணுக்கு அது இலையில் ஒரு கறுப்புத் துரும்பு. அந்தப் படத்தை அம்மாவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, சிவப்பு நூல் கட்டிய கிளைக்குப் பக்கத்துக் கிளையையும் விட்டுவைத்தார்.

அப்புறம் வெளியே. 2017இல் திறந்த வின்ட்சர் இயற்கைப் பூங்காவின் பாதையோரச் செடிகளில் முசுறு எறும்புக் கூடுகள் கண்ணில் படும். தங்கள் புழுக்கள் சுரக்கும் பட்டு நூலால் இலைகளை ஒட்டிக் கட்டும் கூடு. அதன் பக்கத்தில் கேமராவோடு நிற்பதென்றால் கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு, இலையைத் தொடாமல் நிற்க வேண்டும். கடித்த இடத்தில் ஃபார்மிக் அமிலம் வேறு தெளிக்கும். கொசுவுக்குத் தடவும் மருந்தில் டீட் இருந்தால் அது பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் அரிக்கும், ஆகவே உள்ளங்கையைத் துடைத்த பிறகே கேமராவைத் தொடுங்கள்.

அந்த எறும்புகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் விட்டுவிட்டு நடந்தது. கொஞ்சம் ஓடும், நிற்கும், திரும்பும். 36 மி.மீ. டியூபோடு கிட்டே போய் எடுத்த படத்தில் கால்களை எண்ணினேன், எட்டு. எறும்பைப் போலவே உடல் ஒடுங்கி, முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்பாகத் தூக்கிப் பிடித்திருக்கும் குதிக்கும் சிலந்தி அது. முசுறு எறும்பாகவே வேடம் கட்டும் இனம். சிலந்தியென்று காட்டிக்கொடுப்பது முகம்தான், முன்னால் நோக்கும் பெரிய கண்கள் இரண்டும், பக்கத்தில் சிறியவை இரண்டும். டிஃப்யூசரின் கூரை அந்தக் கண்களில் அகலமான வெள்ளைச் சன்னலாக விழுந்திருந்தது. நேரடி ஃபிளாஷில் அது ஊசிமுனைப் புள்ளியாக நின்றிருக்கும், கண்ணின் கருமையில் ஆழமே தெரிந்திருக்காது.

இப்படி ஓடும் உயிருக்கு ஸ்டாக்கிங் எல்லாம் ஒத்துவராது. முக்கால் மில்லிமீட்டர் தெளிவை எங்கே செலவழிப்பது என்று தீர்மானிக்க வேண்டும். நான் எப்போதும் கண்ணுக்குக் கொடுப்பேன். பக்கவாட்டில் எடுத்தால் உடம்பு முழுவதும் சென்சாருக்கு இணையாக வரும், நேர்முகமாக எடுத்தால் முகம் மட்டும். சிலந்தியைப் பிடித்து வசதியான இடத்தில் வைத்து எடுப்பது, இலையைப் பறிப்பது, பாதையை விட்டு உள்ளே போவது எல்லாம் இங்கே கூடாது. விதி இல்லாவிட்டாலும் செய்யக் கூடாது என்பது என் எண்ணம். எறும்புக் கூட்டுக்குப் பக்கத்தில்தான் அந்த வேடத்துக்கு அர்த்தமே.

வண்ணத்துப்பூச்சிக்கும் தட்டாம்பூச்சிக்கும் இந்த 50 மி.மீ. ஏற்பாடு சரிப்படாது. ஏழெட்டு சென்டிமீட்டருக்குள் வரும்வரை அவை உட்கார்ந்திருக்காது. அவற்றுக்கு அதே 36 மி.மீ. டியூபை டெலி லென்ஸில் போடுகிறேன். உருப்பெருக்கம் கொஞ்சம்தான் கூடும், ஆனால் கால் மடங்கு உயிரளவு கிடைத்தாலே 9 செ.மீ. அகலம் படத்தில் அடங்கும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தால் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். வாராவாரம் பூச்சி தேடிப் போகிறவர்கள் என்னிடம் கேட்டால், காசு சேர்த்து 100 மி.மீ. மேக்ரோ லென்ஸே வாங்கச் சொல்வேன். உயிரளவிலும் கொஞ்சம் தூரம் நின்று எடுக்கலாம், ஃபிளாஷுக்கு வழி கிடைக்கும். ஆனால் டிஃப்யூசர் அதற்கும் வேண்டும்.

நம் ஊர் ஈரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஏர்கான் அறையில் இரவு முழுக்க இருந்த கேமராவைக் காலையில் நேராகக் காரிடாருக்குக் கொண்டுவந்தால் லென்ஸ் முழுக்க வியர்த்துவிடும், டியூபின் உள்ளேயும்தான். முந்தின இரவே ஹாலில் வைத்துவிடுங்கள், அல்லது பையை மூடியபடி அரை மணி நேரம் வெளியில் வையுங்கள். டியூபில் கண்ணாடி இல்லாததால் பூஞ்சை பயமில்லை என்று முன்னால் சொன்னேன், வெல்வெட் ஒட்டிய பிறகு அது மாறிவிடுகிறது. வெல்வெட் ஈரம் பிடிக்கும், அந்த ஈரம் மேலே மாட்டியிருக்கும் லென்ஸின் பின்கண்ணாடிக்கு நல்லதல்ல. அதனால் டியூப்களையும் கழற்றி, லென்ஸோடு டிரை கேபினட்டில் 45 சதவீத ஈரப்பதத்தில் வைக்கிறேன்.

கையில் 18-55 கிட் லென்ஸ் மட்டும் இருப்பவர்கள் 12 மி.மீ. டியூபை மாட்டி, ஜூமை 55இல் வைத்து ஆரம்பியுங்கள். 18 பக்கம் கொண்டுபோனால் தெளிவாக விழும் இடம் முன்கண்ணாடியை ஒட்டியே வந்துவிடும், 36 மி.மீ. டியூபோடு என்றால் லென்ஸுக்கு உள்ளேயே போய்விடும், எதுவுமே ஃபோகஸ் ஆகாது. 55இல் நின்று, ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல், கறிவேப்பிலையின் நரம்பைப் பார்த்தபடி உடம்பை மெல்ல முன்னால் சாயுங்கள்.